இருமல் மருந்துக் குடும்பம்

அன்னைக்குத் திருச்சியில அந்த டாக்டரம்மா ரூமுக்குள்ள இருந்தது அஞ்சு பேர். டாக்டரம்மா, ஊரே 'இந்தா வாரேன்'னு கூப்பிடுற மோட்டார் மெக்கானிக் அண்ணன், அவரு சம்சாரம் செல்வி அண்ணி, கட்டுமாவடியில வாக்கப்பட்ட அவரு அக்கா, அப்புறம் நான். என்னை யாரும் கூப்பிடலை. பயத்துல நானா பஸ் ஏறிட்டேன்.

ஆலங்குடிப் பக்கம் ஒரு தென்னை கருகிக் கிடந்தா, காரணம் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு மழை பொய்ச்சிருக்கும், இல்லாட்டி தண்ணி மோட்டார் இந்தா வாரேன் கடையில கெடக்கும். மோட்டாருக்குக் காயில் கட்டுறதுல அவரை அடிச்சுக்க ஆளில்லை. கட்டி முடிக்கிறதுலதான் சிக்கல். என் டீக்கடைக்குப் பக்கத்துக் கடை அவரோடது. மோட்டாரைப் பிரிச்சுப் போட்டுட்டு, "இந்தா வாரேன்"னு டீக்கு எந்திரிப்பாரு. டீ பாதியில மீன் வண்டிக்காரரு பேச்சுக் குடுப்பாரு. மறுநாள் பாத்தா அந்த வண்டியிலேயே ஏறிப் போயி கட்டுமாவடிக் கடற்கரையில படகு எஞ்சினைப் பிரிச்சுக்கிட்டு இருப்பாரு. அதையும் முடிச்சிருக்க மாட்டாரு. சொந்தக் கல்யாணத்துலேயே ஜெனரேட்டர் சத்தம் சரியில்லைன்னு மணவறையை விட்டு எந்திரிச்சுப் போன மனுசன். தாலி கட்டுறப்ப கையெல்லாம் கிரீஸ்.

நாப்பது வயசு தாண்டித்தான், இது திமிரு இல்லை, கவனம் ஓரிடத்துல நிக்காத ஏ.டி.எச்.டி.ங்கிற கோளாறுன்னு டாக்டரம்மா கண்டுபிடிச்சு மாத்திரை குடுத்தாங்க. அதே மாத்திரை, அதே அளவு, இதே கோளாறு இருக்குற அண்ணியோட தம்பிக்கு நல்லா வேலை செய்யுது. இவருக்கு நெஞ்சு படபடங்குது, வாய் வறளுது, சோறு எறங்கலை, தூக்கமும் இல்லை.

"என் தம்பிக்கு ஒத்துக்குது, ஒங்களுக்கு மட்டும் ஒத்துக்காதா? எல்லாம் சாக்கு" என்றது அண்ணி. கோபத்துக்கும் காரணம் இருந்துச்சு. தை பொறக்குறதுக்குள்ள கெடக்குற மோட்டாரையெல்லாம் முடிக்கலைன்னா கடையைக் காலி பண்ணணும்னு எடத்துக்காரரு சொல்லிட்டாரு. மாத்திரையை விட்டா கடை போயிரும். தின்னா ஆளே போயிருவாரோன்னு நான் டீ குடுக்கும்போதெல்லாம் அவரு நாடியைப் பிடிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு நாடி பாக்கத் தெரியாது.

அன்னைக்கு அந்த ரூமுல, இதுக்கு முன்னாடி எந்த மருந்தாவது ஒத்துக்காமப் போச்சான்னு டாக்டரம்மா கேட்டாங்க. அவரு இல்லைன்னாரு. அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கிச்சு.

"எங்கப்பா குடிக்கவே தெரியாத மனுசருங்க. ஒரு மூடி இருமல் மருந்து குடிச்சுட்டு சப்பரத்துக்கு முன்னாடி ஆடுனாரு. நானும் இவனும் அப்படித்தான், ஒரு மூடிக்கே மறுநாள் வரைக்கும் தள்ளாடுவோம். ஊர்ல எங்களை இருமல் மருந்துக் குடும்பம்னுதான் சொல்லுவாங்க."

டாக்டரம்மா சிரிக்கலை. "இதை ஏம்மா மொதல்லயே சொல்லலை?"

"கேலிக் கதைங்க. இதையெல்லாமா டாக்டர்கிட்ட சொல்லுவாங்க?"

டாக்டரம்மா வெளக்குனதுல, எட்டாங்கிளாஸோட நின்ன எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். சில பேருக்கு ஈரல் சில மருந்துகளை ரொம்ப மெதுவாத்தான் கரைக்கும். அது தாய் தகப்பன்கிட்டேர்ந்து ரத்தத்தோட வர்ற வாகு. மத்தவங்களுக்குச் சரியா இருக்குற அளவு இவங்க ஒடம்புல தேங்கிப்போகும். அந்த இருமல் மருந்தும் இந்த மாத்திரையும் கரையிறது ஒரே வழியிலதானாம். ரத்தம் எடுத்து அனுப்புனாங்க, பின்னாடி வந்த ரிசல்ட்டும் அப்படித்தான் சொல்லுச்சு. அன்னைக்கே அளவைக் கொறைச்சாங்க, பொறுத்துப் பாப்போம்னாங்க.

வெளிய வந்ததும் அண்ணி எளநி வாங்கி மொதல்ல அவரு கையில குடுத்துச்சு.

படபடப்பு அடங்குச்சு. வாரம் போகப் போக மோட்டாருங்க ஒவ்வொண்ணா வெளிய போச்சு. கடை தப்பிச்சுச்சு. ஒருநாள் "இந்தா வாரேன்"னு எந்திரிச்சு வந்தவரு, டீயைக் குடிச்சுட்டு நேரா கடைக்கே திரும்பிட்டாரு. நான் பதறிப்போயி பின்னாடியே ஓடி நெத்தியைத் தொட்டுப் பாத்தேன்.

"போடா அங்கிட்டு, வேலை கெடக்கு" என்றாரு.

இப்ப நான் திருப்பூர்ல மகன் வீட்டுல இருக்கேன். இங்க யாராவது இப்ப வந்துடுறேன்னு சொல்லிட்டுப் போயி வராம இருந்தா, மத்தவங்களுக்குக் கோவம் வருது. எனக்கு மட்டும் அவரு பக்கத்துல இருக்குற மாதிரி இருக்கு.