என் பட்டினியைக் கெடுத்த அம்பலி

தனியாக இருக்கிறவன் எதையும் தாங்குவான், யாராவது "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் மட்டும் ஆட்டம் கண்டுவிடுவான். என் பெருங்குடலே இதற்குச் சாட்சி.

அப்போது நான் ரயில்வே குமாஸ்தா. மைசூர் மண்டி மொஹல்லாவில், பல குடித்தனங்கள் இருந்த வளவின் கடைசி அறையில் வாசம். திடீரென்று மலத்தில் ரத்தம் வந்தது. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்து, ஆளையே கொண்டுபோயிற்று. பயத்தைச் சொல்ல ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாய் விட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். முதல் நாள் இளநீர் மாதிரி தெளிந்ததை மட்டும் குடித்து, பேதி மருந்தைச் சொட்டு விடாமல் முடிக்க வேண்டுமாம்.

மருந்து வேலை செய்தது. ஆனால் வளவுக்கே ஒரு கக்கூஸ், அதுவும் முற்றத்தைத் தாண்டி. வாளியோடு நான் ஓடும்போதெல்லாம் யாராவது "ஊட்டா ஆய்தா?" என்றார்கள். (சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம். அந்த ஊரில் அது வணக்கம் மாதிரி. 'ஆச்சு' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும்.) வெட்கம் தாங்காமல் மீதி மருந்தைச் சாக்கடையில் ஊற்றினேன். (எப்பேர்ப்பட்ட வீரன்!)

அடுத்துக் கேட்டது எதிர்வீட்டு மாதம்மா, தமிழ் பேசும் எல்லையோர ஊரான கௌதள்ளிக்காரர். பசியோ பயமோ, வருஷக்கணக்கில் முதல் முறையாக "இல்லைங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். மோர் விட்டுக் கரைத்த ராகி அம்பலி, நம்மூர்க் கூழ்தான், ஒரு செம்பு நிறைய வந்துவிட்டது. சாப்பிடக் கூடாது என்றேன்.

"இத யாருங்க சாப்புடச் சொன்னா? குடிக்கறதுதானுங்களே?"

எனக்காக ஒருவர் அடுப்பு மூட்டி எத்தனை காலம் ஆயிற்று! மடமடவென்று குடித்தேன். இன்னொரு செம்பும் வந்தது. கண்ணில் நீர் முட்டியது. மோர் புளிப்பு என்று சமாளித்தேன்.

மறுநாள் டாக்டருக்குக் குடலில் ராகியைத் தவிர எதுவும் தெரியவில்லை. தலையில் அடித்துக்கொண்டு, அடுத்த வாரம் துணைக்கு ஆளோடு வரச் சொன்னார். எனக்கு யாரும் இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

மாதம்மாதான் வந்தார். அதற்கு முந்தின நாள் முழுக்க என் வாசலிலேயே உட்கார்ந்து, 'ஊட்டா' என்று வாயெடுத்தவர்களையெல்லாம் விரட்டினார். சோதனை முடிந்ததும் டாக்டர் என்னை விட்டுவிட்டு அவரிடம், "வெறும் மூலம்தாம்மா, உங்க தம்பிக்குப் பயமில்ல" என்றார். மாதம்மா திருத்தவில்லை. நானும்தான்.

இப்போது மாதம்மா இல்லை. அவர் மகள் மட்டும் எப்போதாவது போன் செய்து, "ராகி மாமா, ஊட்டா ஆய்தா?" என்று சிரிப்பாள். சாப்பிட்டுக் கை கழுவியிருந்தாலும், "இன்னும் இல்லம்மா" என்றுதான் சொல்கிறேன்.