தம்பியின் விரல் எழுதிய பரீட்சை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்றுதான் கை எழுதப் போகிறது. உண்மையில் உன் அண்ணி மட்டுமே நலம்.

முப்பத்திரண்டு வருஷம் பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்த்து, ஆள்மாறாட்டக்காரர்களைக் கையும் களவுமாகப் பிடித்தவன் நான். அப்பாவுக்கு இருந்த சர்க்கரை நோய் எனக்கும் வந்ததும், உன் அண்ணி மெஷின் வாங்கி வைத்து, தினமும் காலையில் விரலில் குத்திப் பார்த்து நோட்டில் எழுதச் சொன்னாள். மாத்திரையை ஒரு நாள் போட்டு இரண்டு நாள் மறந்து, நடக்கப் போகிறேன் என்று கிளம்பி பேக்கரியில் உட்கார்ந்துவிட்டு வருகிறவனுக்கு எண் எப்படி இறங்கும்? "இன்னொரு தடவை இருநூறைத் தாண்டட்டும், ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்துடுறேன்" என்றாள். போன வருஷம் நீ வந்திருந்தாய். அவள் அடுப்படியில் இருந்தாள், நீ பேப்பரில் மூழ்கியிருந்தாய். "விரலைக் கொடுடா" என்றேன். "எதுக்குண்ணே?" என்று கேட்டுக்கொண்டே, தலை நிமிராமல் நீட்டினாய். நோட்டில் நூற்றுப் பதினெட்டு என்று எழுதினேன். அண்ணிக்கு ஒரே பூரிப்பு. உனக்குச் சர்க்கரை இல்லையென்று உன் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

அதன்பின் தினமும் குத்தாமலேயே அதைப் போன்ற எண்களை நோட்டில் எழுதிவந்தேன். பிறகு டாக்டர், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்றை எடுத்தார். ஏழுக்குள் இருக்க வேண்டியது பதினொன்று. "நோட்டு பாஸ், லேப் ஃபெயில். யார் சார் பொய் சொல்றது?" என்றார். இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடுகிறதாம். ஹால் டிக்கெட் இல்லாத பிள்ளைகள் வராந்தாவில் நிற்பது மாதிரி என்று புரிந்துகொண்டேன். அதற்குள் காலில் உணர்ச்சி போயிருந்தது. செருப்பில் ஆணி ஏறியது தெரியாமல் மார்க்கெட் வரை போய் வந்து, கூடத்தில் ரத்தத்தைப் பார்த்து, "யாருக்குடி அடிபட்டுது?" என்று நானே கேட்டேன்! ஐம்பது நாளாகப் புண் மூடவில்லை. தினமும் உன் அண்ணி தரையில் உட்கார்ந்து கட்டு மாற்றுகிறாள், ஒரு வார்த்தை திட்டுவதில்லை. அதுதான்டா தாங்க முடியலை.

இப்போது மாத்திரை, சாப்பாடு எல்லாம் ஒழுங்கு. நீ கவலைப்படாதே. உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகள் நூறாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு, இதை மட்டும் படி. அன்றைக்கு உன் ரத்தத்துக்கு மெஷின் காட்டியது நூற்றுப் பதினெட்டு இல்லை, முன்னூற்றுப் பதினெட்டு. மூன்றை ஒன்றாக மாற்றி எழுதியவன் நான். மெஷின் கெட்டுவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேற்று உன் கடிதம் வந்தது. இளைத்துவிட்டேன், பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட்டேன், தண்ணீர்தான் எவ்வளவு குடித்தாலும் போதவில்லை என்று சிரித்து எழுதியிருக்கிறாய். உடனே மெஷினைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் லேபுக்கு ஓடினேன். அதில் ஒரு குறையும் இல்லையாம். நாளைக் காலையிலேயே போய் ரத்தம் கொடுடா. என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.