நானே கெடுத்துக்கொண்ட சவுண்டு

கம்ப்யூட்டரில் லினக்ஸுக்கு மாறியவர்களிடம் ஏன் மாறினாய் என்று கேட்டுவிட்டால், கேட்டவர் லேசில் தப்பிக்க முடியாது. வைரஸ் வராது என்பார்கள், காசு கொடுக்க வேண்டாம் என்பார்கள், நம் கம்ப்யூட்டருக்கு நாமே ராஜா என்பார்கள். கொஞ்சம் முற்றிய கேஸ்கள் சுதந்திரம் என்று ஆரம்பித்து, எதிராளியின் டீ ஆறிப்போகும்வரை விடமாட்டார்கள். நானும் பல வருடம் இதையெல்லாம் சொல்லித் திரிந்தவன்தான். எல்லாமே உண்மை. ஆனால் நான் லினக்ஸிலேயே தங்கிவிட்ட காரணம் இதில் ஒன்றுகூட இல்லை. நான் ஒரு கேள்வி கேட்டேன், ஒரு மனிதர் பதில் சொன்னார். அவ்வளவுதான்.

அப்போது ஐயப்பன்தாங்கல் டிப்போவுக்குப் பின்னால் ஒரு அபார்ட்மெண்டில் தனியாகக் குடியிருந்தேன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் வேலைக்காக வந்தவன். வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். (ஆபீசுக்கு மின்சாரம் மிச்சம், எனக்கு மனிதர்கள் மிச்சமில்லை.) பால் பாக்கெட் கதவில் தொங்கும். சாப்பாடு கொண்டுவருபவர் மணியடித்துவிட்டு லிஃப்டுக்கு ஓடிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்யும்போது "சாப்ட்டேம்மா" என்று சொல்ல வாயைத் திறந்தால் தொண்டை கட்டியிருக்கும். அந்த வாரத்தில் அதுதான் நான் பேசும் முதல் வார்த்தையாக இருக்கும். அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் முதல் சங்கச் செயலாளர் வரை எல்லாருக்கும் என் பெயர் "த்ரீ நாட் ஃபோர்". அது என் வீட்டு எண்.

என் லேப்டாப் ரொம்பப் பழசு. ஆன் செய்துவிட்டுக் குளித்து, துணி துவைத்து, காயப்போட்டுவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ்தான் மருந்து என்று எங்கோ படித்துவிட்டு அதைப் போட்டேன். போட்டதும் வைஃபை போய்விட்டது. மொபைலில் தேடி, கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் தமிழிலேயே பேசிக்கொள்ளும் ஒரு குழுவைக் கண்டுபிடித்து, என் சோகத்தை எழுதினேன். டீக்குப் பால் பொங்குவதற்குள் பதில் வந்துவிட்டது. எழுதியவர் பெயர் 'தேனீ'. முகம் இருக்க வேண்டிய இடத்திலும் ஒரு தேனீ. "கவலைப்படாதீங்க நண்பா, ஒண்ணொண்ணாப் பாப்போம்" என்று எழுதியிருந்தார்.

அந்தப் 'பாப்போம்'தான் என்னைக் கவிழ்த்தது. முன்பின் தெரியாத ஒருத்தர், பைசா வாங்காமல், சாயங்காலம் முழுக்க என்னோடு உட்கார்ந்து என் வைஃபையை மீட்டுக் கொடுத்தார். ஒரு இடத்தில் நான் தப்பாகச் செய்ததற்குச் சிரிப்புப் பொம்மை ஒன்றுகூடப் போட்டார். அதைப் பார்த்து நான் அறையில் தனியாகச் சத்தமாகச் சிரித்தேன். சுவரில் இருந்த பல்லிக்கு என் குரல் புதிது என்பதால் அது ஓடிவிட்டது.

பிரச்சினை அதற்கப்புறம்தான். வைஃபை சரியாகிவிட்டது. இனி என்னத்தைக் கேட்பது? லினக்ஸ் பாட்டுக்கு நன்றாக ஓடுகிறது, சனியன். குழுவில் சும்மா போய் "சாப்பிட்டீங்களா" என்று கேட்கவும் கூச்சம். அதனால் நானே கெடுக்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் பிரிண்டர், ஒரு வாரம் எழுத்துரு, ஒரு வாரம் மவுஸ். நன்றாக இருக்கிற ஒன்றைக் குலைத்துப்போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத அப்பாவியாகக் குழுவில் போய் நிற்பேன். தேனீயும் சளைக்காமல் வருவார். "பாப்போம்" என்பார். என் வார இறுதிகள் இப்படித்தான் ஓடின. இதை விடக் கேவலமான பொழுதுபோக்கு இருந்தால் சொல்லுங்கள்.

இந்த நிலையில்தான் பொங்கல் வந்தது. ஆளாளுக்குச் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள் என்பதால், முந்தைய சனிக்கிழமையே அபார்ட்மெண்டில் பொங்கல் விழா. செயலாளர் நடராஜன் சார் வாட்ஸப் குழுவில், பிள்ளைகளின் நடனத்துக்குப் பாட்டும் படமும் போட ஒரு லேப்டாப் வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்தக் குழுவில் அதுவரை ஒரு வார்த்தை எழுதாதவன் நான். கை தானாக எழுதியது: "நான் கொண்டுவருகிறேன்." ஏழெட்டுக் கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. அன்று முழுக்க அந்தக் கட்டைவிரல்களை எடுத்து எடுத்துப் பார்த்தேன். விழா நல்லபடியாக முடிந்தால் நாலு பேருக்கு என் பெயர் தெரியும், படியில் பார்த்தால் நின்று பேசுவார்கள். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கார் நிறுத்துமிடத்தில் சின்ன மேடை போட்டு, வெள்ளைத் துணி கட்டி, எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மைக் செட்டும் புரொஜெக்டரும் பூந்தமல்லிப் பழனியுடையவை. துணிக்கு முன்னால் ஒரு மேசையில் நான், கூட்டத்தைப் பார்த்தபடி, கச்சேரிக்கு உட்கார்ந்த பாகவதர் கணக்காக உட்கார்ந்தேன். முன்வரிசையில் சரோஜா அக்கா. அந்த இடமே ஒரு காலத்தில் அவர்கள் வீட்டு நிலம்; பில்டருக்குக் கொடுத்துவிட்டுத் தரைத்தளத்தில் வீடு வாங்கிக்கொண்டவர். கண்ணில் படும் எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படிப்பது அவர் பழக்கம். பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, சட்டையில் இருக்கும் வாசகம், எதையும் விடமாட்டார்.

நடராஜன் சார் மைக்கைக் கொடுத்ததும் நான் சும்மா இருந்திருக்கலாம். "இது லினக்ஸ். ஹேங் ஆகாது, நடுவுல நிக்காது" என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். பட்டுப்பாவாடையில் பிள்ளைகள் மேடையில் வரிசையாக நின்றார்கள். பாட்டைத் தட்டினேன். படம் ஓடியது, சத்தம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். போன வாரம் நான் கெடுத்தது சவுண்டை. தேனீ அழகாகச் சரிசெய்தும் கொடுத்திருந்தார். உரையாடல் சீக்கிரம் முடிந்துவிட்டதே என்ற ஆதங்கத்தில், அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும் என்று ஹெட்போன் வழியை மறுபடி எங்கோ அணைத்து வைத்திருந்தேன். எங்கே அணைத்தேன் என்பது மறந்துவிட்டது. பழனியின் ஸ்பீக்கர் வயர் சொருகியிருந்தது அந்த ஹெட்போன் துளையில்தான்.

கண்ட பொத்தானையெல்லாம் அழுத்திப் பார்த்தேன். பிள்ளைகள் இடுப்பில் வைத்த கையோடு நின்றார்கள். ஒரு சின்னப் பெண் அழ ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் குழுவைத் திறந்து, சவுண்டு வரவில்லை, அவசரம், நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதினேன். தேனீ உடனே வந்தார்.

"போன வாரம்தானே சரி பண்ணோம்? அதுக்கப்புறம் எதை மாத்துனீங்க?"

பொய் சொன்னால் வைத்தியம் நடக்காது. தலையைக் குனிந்து எழுதினேன்.

"மன்னிச்சுக்கோங்க. நான்தான் வேணும்னே திரும்ப அணைச்சேன். போன வாரமும் நான்தான் கெடுத்தேன். வைஃபை தவிர எல்லாமே நான் கெடுத்ததுதான். பேச ஆள் இல்ல. இந்த அபார்ட்மெண்ட்ல என் பேரு ஒருத்தருக்கும் தெரியாது. இன்னிக்குத்தான் முதல் தடவையா என்னைக் கூப்பிட்டிருக்காங்க. எப்படியாவது காப்பாத்துங்க."

எழுதிக்கொண்டிருந்தபோதே கூட்டத்தின் சலசலப்பு அடங்கிவிட்டது. ஆஹா, வேலை செய்பவனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நாகரிகம் எவ்வளவு உயர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். (ஓசிச் சாப்பாடு உள்ள ஒரு கூட்டம் அவ்வளவு அமைதியாக இருந்தால் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா?) அந்த அமைதியில் சரோஜா அக்காவின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. "பேச... ஆள்... இல்ல." இந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று நிமிர்ந்தேன். எல்லாரும் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பழனி குனிந்து என் காதருகே வந்தார். "அண்ணாத்தே, நீ டைப் பண்றது அல்லாம் பின்னாடி துணில ஓடிகினு கீது."

திரும்பிப் பார்த்தேன். கண்டதை அழுத்தியதில், லேப்டாப்பில் தெரிவது அப்படியே துணியிலும் தெரியும்படி ஆகியிருந்தது. என் பத்து வரியும் ஆளுயர எழுத்தில் நின்றன. கட்டற்ற மென்பொருளில் உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று பெருமையாகச் சொல்லுவோம். அன்றைக்கு என்னைத் திறந்து பார்த்தார்கள். தரையில் கார் ஆயில் கறை ஒன்று இருந்தது. அதற்குள் புகுந்துவிட முடியுமா என்று யோசித்தேன்.

அப்போது துணியில் தேனீயின் பதில் வந்து விழுந்தது. என்னைத் தவிர எல்லாரும் அதைப் படித்துவிட்டார்கள். நடராஜன் சார் ரொம்ப மெதுவாக, மைக்கில் சொன்னார்: "தம்பி, சவுண்டு செட்டிங்ல கடைசிப் பக்கமாமுங்க. அங்க 'ஆஃப்'னு இருக்கறத மாத்தோணுமாமுங்க."

மாற்றினேன். சவுண்டு வந்தது. பதற்றத்தில் அதன் அளவையும் உச்சத்தில் வைத்திருந்தேன் போல. அழுத பெண் அதிர்ச்சியில் அழுகையை நிறுத்திவிட்டு ஆட ஆரம்பித்தது. விழா நல்லபடியாக முடிந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை, கிண்டல் செய்யவில்லை. சர்க்கரைப் பொங்கலை மட்டும் எனக்கு இரண்டு கரண்டி கூடுதலாக வைத்தார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை. லிஃப்டில் யாரையாவது பார்க்க நேருமே என்று படியேறி, தட்டோடு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை மணியடித்தது. சாப்பாடு எதுவும் சொல்லவில்லையே என்று திறந்தால், வடகறிப் பாத்திரத்தோடு சரோஜா அக்கா.

"வேல ஒண்ணும் இல்லப்பா. செத்த நேரம் பேசிட்டுப் போலாம்னு வந்தேன். உன் பேரு இன்னா?"

முத்துக்குமார் என்றேன். உள்ளே வந்து உட்கார்ந்த அக்கா மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் சங்கத்தில் முறை வைத்து அனுப்பியது போல ஒவ்வொருவராக வந்தார்கள். வந்து சோபாவில் உட்கார்ந்ததும் அவர்களுக்கும் என்ன பேசுவதென்று தெரியாது, எனக்கும் தெரியாது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு அவர்களே ஏதாவது ஆரம்பிப்பார்கள். நடராஜன் சார் மகள் போன் செய்வதே இல்லை என்றார். எனக்காக வந்தவர்களில் பாதிப் பேர் எனக்காக மட்டும் வரவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது.

எனக்குக் கல்யாணமாகி கவிதா அந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே, சரோஜா அக்கா அந்தப் பொங்கல் விழாக் கூத்தை நடித்தே காட்டிவிட்டார். அன்றிலிருந்து நான் எதையாவது மனதில் போட்டுக்கொண்டு உம்மென்று இருந்தால் கவிதா ஒரே கேள்விதான் கேட்பாள்: "புரொஜெக்டர் போடவா?" அபார்ட்மெண்டிலும் இது பரவிவிட்டது, தேனீக்கும் எழுதிச் சொல்லியிருந்தேன். யாராவது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் போதும், "புரொஜெக்டர் போடவா?"

விழா நடந்த அன்று ராத்திரியே, துணியில் ஓடியது உட்பட எல்லாவற்றையும் தேனீயிடம் சொல்லியிருந்தேன். கெடுத்ததற்காக அவர் கோபிக்கவில்லை. "தெரியும் நண்பா. மவுஸ் அப்படித் தானா கெடாது" என்று எழுதினார். ரொம்ப நேரம் கழித்து இன்னொரு வரி வந்தது: "உங்க அபார்ட்மெண்ட்ல வீடு ஏதாவது காலியா இருந்தா சொல்லுங்க." சிரிப்புப் பொம்மை எதுவும் இல்லை. நான் அதை ஜோக் என்றே எடுத்துக்கொண்டு, சிரிப்புப் பொம்மை போட்டேன். எந்த நேரத்தில் கேட்டாலும் பால் பொங்குவதற்குள் பதில் சொல்லும் ஒருவருக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்ற இத்தனை வருடம் ஆனது.

போன மாதம் குழுவில் ஒரு பையன் வைஃபை வரவில்லை என்று கேட்டிருந்தான். பால் பொங்கி, டீ குடித்து, டம்ளரும் கழுவியாயிற்று. தேனீ வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தனியாக அவருக்கு எழுதினேன்.

"புரொஜெக்டர் போடவா?"

சாயங்காலம்தான் பதில் வந்தது.

"போடுங்க."

முதல்முறையாக அவருடைய பெயரையும் போன் நம்பரையும் கேட்டேன்.