நாலாம் நம்பர் பரண்

இனிமேல் தன் காலடிச் சத்தம் தன் காதுக்கே கேட்கக்கூடாது என்று தௌனோ ஜூலை முதல் தேதி சபதம் எடுத்தான்.

காரணம் இருந்தது. போன அக்டோபரில், காட்டுக்குள் நாலாம் நம்பர் வேட்டைப் பரணில் அவன் துப்பாக்கியோடு நின்றிருந்தபோது, லாரி சைஸில் ஒரு மூஸ் மான் முப்பதடி தூரத்தில் வந்து நின்றது. தௌனோ உடம்பின் பாரத்தை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றினான். பூட்ஸ் 'கீச்' என்றது. மூஸ் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் திரும்பிப் போனது. பதறி ஓடியிருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

வேட்டைக் குழுத் தலைவன் ரெய்யோ அன்றைக்கே சொல்லிவிட்டான். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பரண்ல வேற ஆளைப் போட்டுடுவேன். மூஸ் பாத்து சிரிக்கறதுக்கா உன்ன அங்க நிறுத்தியிருக்கோம்?"

அந்தப் பரணில் இருபது வருஷம் தௌனோவின் அப்பா நின்றார். அப்புறம் பத்தொன்பது வருஷமாகத் தௌனோ. ஊரில் அவனுக்கு இருந்த மரியாதை முழுக்க அந்த நாலு மரக்கட்டைமேல்தான் நின்றது. வீட்டில் இல்லவே இல்லை என்பதால் இதுவும் போனால் மிச்சம் பூஜ்யம்.

ஆகவே பூட்ஸ். அதுவும் சாதாரண பூட்ஸ் இல்லை, வெறுங்கால் பூட்ஸ். குதிகால் உயரம் கிடையாது. அடியில் ஐந்து மில்லிமீட்டர் ரப்பர். விரல்கள் கால்நீட்டிப் படுக்கிற அளவுக்கு முன்பக்கம் அகலம்.

"வெறுங்காலா, பூட்ஸா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றாள் மனைவி ஹில்க்கா.

"ரெண்டும்தான்."

"அப்ப வெறுங்காலோடயே போயேன். அது ஏற்கெனவே ஒரு ஜோடி வெச்சிருக்கியே."

"உனக்குப் புரியாது. சுள்ளி உடையறதுக்கு முந்தியே கால் கண்டுபிடிச்சிடும்."

"உன் காலா? காலையில கட்டில் எங்க இருக்குன்னே அதுக்குத் தெரியல. ஊரே எழுந்துக்கற மாதிரி கத்தின."

தௌனோவுக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. அவர்கள் ஊர் அக்டோபரை நம்பி எந்தப் பூட்ஸை வாங்குவது? காலையில் மழை, பதினொரு மணிக்கு வெயில், மூன்று மணிக்குப் பனி. அடியில் எந்நேரமும் சதுப்பு. தோல் பூட்ஸ் சத்தமே போடாது, ஆனால் தண்ணீரை விருந்தாளியாக உள்ளே கூப்பிடும். தண்ணீர் புகாத பூட்ஸில் தண்ணீர் புகாதுதான். புகுந்துவிட்டால் வெளியேயும் போகாது. கம்பளி வைத்ததோ பனிக்குச் சொர்க்கம், மழையில் ஊறிய பஞ்சு மெத்தை. தௌனோ நீராவிக் குளியல் அறையான சௌனாவில் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்து, கடிகாரத்தோடு உள்ளே நின்று மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தான். கடைசியில் எதையும் கடைக்குத் திருப்பி அனுப்பாமல் மூன்று ஜோடியையும் வாங்கிவிட்டான்.

ஹில்க்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. அங்கேயே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

பூட்ஸ் பெட்டிக்குள் இருந்த துண்டுச்சீட்டை அவள் நிதானமாகப் படித்தாள். "திடீர்னு போட்டுக்கிட்டுக் காட்டுக்குப் போகக் கூடாதாம். பத்து வாரம் காலைப் பழக்கணுமாம். இல்லேன்னா எலும்புல விரிசல் விட்டுடுமாம்."

"பத்து வாரமா!"

"பரண் வேணுமா வேண்டாமா?"

மறுநாள் ஃப்ரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டியிருந்தது. திங்கள், மெத்து மண்: உருளைக்கிழங்குத் தோட்டம். செவ்வாய், மரவேர்: விறகு பிளந்து அடுக்குதல். புதன், சேறு: வாய்க்கால் தூர்வாருதல். வியாழன் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை, கூழாங்கல்: ஏரியிலிருந்து சௌனாவுக்கு வாளியில் தண்ணீர். வெள்ளிக்கிழமை ஓய்வு. கால்களுக்கு மட்டும். வேலியைக் கைகள்தானே வெள்ளையடிக்கின்றன!

தௌனோ நடந்தான். பாதம் எரிந்தது. கெண்டைக்கால் கெஞ்சியது. ஒவ்வொரு கூழாங்கல்லையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கமாகிவிட்டது. வியாழன்தோறும் அவன் வாளிகளோடு தள்ளாடும்போது ஹில்க்கா காபி ஃப்ளாஸ்கும் பன் கூடையுமாகக் காரில் ஏறுவாள்.

"துப்பாக்கி சுடற மைதானத்துக்குப் போறேன். வர்றியா?"

"எங்க வர? இன்னிக்குக் கூழாங்கல் நாளாச்சே."

"அப்புறம் கூப்பிடலேன்னு சொல்லக் கூடாது."

மைதானத்தில் காபி ஊற்றுவது குழுக்காரர்களின் மனைவிமார் முறைவைத்துச் செய்கிற வேலை. பாவம், இவளுக்கு மட்டும் வாராவாரம் முறை வருகிறதே என்று தௌனோ இரக்கப்பட்டான். இரக்கப்பட்டதோடு சரி.

ஆகஸ்ட்டில் ஒருநாள் அவன் வெந்நீர்ப் பக்கெட்டில் காலை ஊறவைத்திருந்தபோது ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"உன் துப்பாக்கியை நானும் எடுக்கலாம்னு போலீஸுக்கு எழுதிக் குடுக்கணும். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு."

ஹில்க்கா கல்யாணத்துக்கு முன்பிருந்தே காட்டுக்கோழி சுடுகிறவள். ஏதோ கோழி விவகாரம் என்று நினைத்துக்கொண்டான். "படிக்கறதெல்லாம் முடியாது. குடு" என்று போட்டுக் கொடுத்தான்.

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை விடிந்தது. வேட்டைக் குடிசையில் எல்லோரும் ரப்பர் பூட்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். தௌனோ தோல் பூட்ஸைத் தேர்ந்தெடுத்து, பூனைபோல நடந்து வந்து ரெய்யோவின் முதுகுக்குப் பின்னால் "வணக்கம்" என்றான். ரெய்யோ துள்ளிக் காபியை மடியில் கொட்டிக்கொண்டான். தௌனோவின் வாழ்க்கையிலேயே இனிமையான காலை அது. ஏறக்குறைய ஒரு நிமிஷம் நீடித்தது.

"தேர்வு அட்டையைக் காட்டு" என்றான் ரெய்யோ மடியைத் துடைத்தபடி.

மூஸ் சுட வேண்டுமென்றால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சுடும் தேர்வில் தேற வேண்டும். தௌனோ அட்டையை எடுத்து நீட்டினான். ரெய்யோ அதைத் தூரத்தில் பிடித்தான், கிட்டத்தில் பிடித்தான்.

"இது ஆகஸ்ட் இருபத்தெட்டோட செத்துப்போச்சேடா! கோடை முழுக்க வியாழக்கிழமை வியாழக்கிழமை தேர்வு வெச்சோமே. எங்க போய்த் தொலஞ்ச?"

"கல்லு மேல நடந்துக்கிட்டிருந்தேன்" என்றான் தௌனோ. அவனுக்கே அது நன்றாகக் கேட்கவில்லை.

அப்போது, காபி ஊற்ற வந்திருந்த ஹில்க்கா மேஜைமேல் ஒரு அட்டையை வைத்தாள். புத்தம் புதுசு. எழுபத்தைந்து மீட்டர், நாலு குண்டு, நாலும் வட்டத்துக்குள்.

"நாலாம் நம்பர் காலிதானே?" என்று கேட்டாள்.

நாற்பது வயதுக்குமேல் ஆண்பிள்ளை அழக்கூடாது என்று மட்டும் தௌனோவுக்குத் தோன்றியது. "ஹில்க்கா, அது எங்கப்பா பரண்."

"தெரியும். அதான் வெளி ஆளுக்குப் போக விடல."

"மூஸ் சுட உனக்கு ஏது துப்பாக்கி?"

"உன்னுதுதான். நீதானே கையெழுத்துப் போட்ட."

அட்டை இல்லாதவனுக்குக் குழுவில் ஒரே ஒரு வேலைதான் உண்டு. ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, வெறுங்கையோடு, கூச்சல் போட்டபடி சதுப்பைக் கடந்து மூஸைப் பரண் பக்கம் விரட்டுவது. தௌனோ போனான். மழை பெய்தது. மழை ஆலங்கட்டியானது. ஆலங்கட்டி பனியானது. மற்ற இரண்டு ஜோடியும் வீட்டில் உலர்ந்து சுகமாக இருந்தன. தோல் பூட்ஸுக்குள் குளம் கட்டியது. அவன் கத்திய கத்தலில் பாதி மூஸுக்கு, பாதி விதிக்கு.

ஆனால் பத்து வாரம் பழகிய கால்கள் எஜமானனின் துக்கத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. வேர், சேறு, கல் எல்லாவற்றின்மேலும் இயந்திரம்போல ஓடின. வரிசையில் வந்த மற்றவர்கள் முழங்கால் சேற்றில் சிக்கி அவனை விட்டுப் பின்தங்கினார்கள். அவனுக்கு முன்னால் பெரிய மூஸ் ஒன்று எழுந்து நேராக நாலாம் நம்பர் பக்கம் போனது. ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது.

அவன் போய்ச் சேர்ந்தபோது மூஸ் விழுந்து கிடந்தது. ஹில்க்கா ஃப்ளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தாள். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அவள் கையைக் குலுக்கினார்கள்.

தௌனோவால் தாங்க முடியவில்லை. "அடுத்த வருஷம் முதல் வியாழக்கிழமையே தேர்வுல நிப்பேன். என் பரண் எனக்குத் திரும்ப வேணும்!"

ரெய்யோ அவன் கால்களையே ஆசையோடு பார்த்தான். "பரணா? ஒரே இடத்துல நிக்க எவன் வேணாலும் கிடைப்பான்டா. இந்தச் சேத்துல இப்படி ஓட உன்ன விட்டா யாரு இருக்கா? சாகற வரைக்கும் இந்த வேலை உனக்குத்தான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஹில்க்கா காபிக் கோப்பையை அவன் கையில் வைத்தாள்.

"சீக்கிரம் குடி. மத்தியானத்துக்கு இன்னொரு சதுப்பு பாக்கி இருக்கு."