ஆடாத நாற்காலி

‘செத்துப்போன எழுத்தாளருக்குச் சிநேகிதர்’ என்று ஓர் இனம் சிங்கப்பூரில் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். எழுத்தாளர் உயிரோடு இருக்கும்வரை இந்த இனம் கண்ணில் படாது. அவர் குடியிருந்த கடைவீட்டு மாடியைச் சங்கத்தார் நினைவில்லமாக்கி, பலகை மாட்டி, படத்துக்கு மாலை போட்டு, வந்தவர்களுக்கு வடையும் கொடுத்துவிட்டால் போதும், மழை விட்டதும் கிளம்பும் ஈசல் மாதிரி புறப்பட்டுவிடும். இறுதி ஊர்வலத்துக்கு வந்தவர்கள் இருபது பேர். தோள் கொடுத்ததாகச் சொல்பவர்கள் இருநூறு பேர். அத்தனை தோளில் ஏற அந்த ஒல்லி மனிதருக்கு உடம்பு ஏது? அதையெல்லாம் கேட்கக்கூடாது.

துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி தங்கராஜு இந்த இனத்தில் அசல் ரகம். அவர் எழுத்தாளரைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. சிராங்கூன் சாலையில், மழையில், முதுகை. அந்த முதுகை வைத்துக்கொண்டே பத்து வருஷப் பழக்கத்தைக் கட்டி எழுப்பிவிட்டார். ஆசிரியை லீலாவிடம் கல்யாணப் பேச்சை எடுத்தபோதும் அதைத்தான் முன்னால் நீட்டினார்.

“அவ்வளவு பழக்கமா? அப்ப ஞாயித்துக்கிழமை அவர் வீட்டைச் சுத்திக் காட்டுங்க. அங்கயே பதில் சொல்றேன்” என்றுவிட்டாள் லீலா.

அந்த மாடிப்படியை மிதித்தே அறியாத தங்கராஜுவுக்கு ஏறும்போதே நெஞ்சு சரவெடியாய் வெடித்தது. ஆனால் வாய்? அது அவருக்கு முன்னால் ஏறிப் போய்விட்டது. இங்கேதான் செருப்பை விடுவார், இந்த ஜன்னலில் நின்றுதான் யோசிப்பார், இந்த இடத்தில்தான் தும்முவார் என்று காற்றைக் காட்டிக்கொண்டே போனவர், மேசைக்கு முன்னால் கிடந்த நாற்காலியைக் கண்டதும் கண்ணை மூடினார், அதைத் தடவினார், தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டார்.

“இதுல ஒக்காந்துதான் லீலா, எனக்குக் கதை படிச்சுக் காட்டுவாரு. ஒரு கால் ஆடும். நான்தான் அட்டைய மடிச்சு முட்டுக் கொடுப்பேன்.”

மூலையில் சாவிக்கொத்தோடு இருந்த காவலாளி ஜலாலுதீன் கனைத்தார்.

“தம்பி, அவரு நாற்காலியக் கரையான் தின்னுருச்சு. இது போன மாசம் நான் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் கடையில வாங்குனது லா.”

லீலா திரும்பிப் பார்த்தாள். பதில் போச்சு. பெண்ணும் போச்சு. தங்கராஜு நாற்காலியை ஓர் ஆட்டு ஆட்டினார்.

“அதானே, ஜலாலுதீன் நானா! கால் ஆடலையேன்னு நானும் அப்பவே பாத்தேன்!”

லீலா வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு மேசைப் பக்கம் போனாள். அங்கே கிடந்த பேனாவை எடுத்தாள். இப்போது அவள் தொண்டை கரகரத்தது.

“ஆனா இது நிஜம். இந்தப் பேனாலதான் எனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரு. ‘லீலா, நீயும் எழுதணும்’னாரு.”

“அது என் பேனாம்மா” என்றார் ஜலாலுதீன். “காலையிலேருந்து தேடுறேன்.”

அவள் பேனா முனையை ஒரு தடவை உற்றுப் பார்த்தாள்.

“அதானே!” என்றாள் லீலா. “மை வேற நெறமா இருக்கேன்னு பாத்தேன்!”

அதற்கு மேல் தங்கராஜுவுக்குப் பதில் எதற்கு?

தை மாதமே கல்யாணம். “எங்களைச் சேத்து வெச்சதே அந்த எழுத்தாளர்தான்” என்று மாப்பிள்ளையும் பெண்ணும் பந்தி பந்தியாகப் போய்ச் சொன்னார்கள். “ஆமா, நான் கண்ணால பாத்தேன்” என்று பின்னாலேயே போய்ச் சாட்சி சொன்னார் ஜலாலுதீன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் ‘ஒல்லி மனிதர்’ என்று நான் சொன்னபோது, ‘அட, அவரா! ஒரே மேசையில் டீ குடித்திருக்கிறோமே’ என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா, இல்லையா? கேட்டிருந்தால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

அவர் பெயரை நான் இன்னும் சொல்லவே இல்லை.