பெப்தீஸ்வரர் பால்

பாலையூற்றில் புதிதாக ஒரு தெய்வம் இறங்கியிருந்தது. பெயர் பெப்தீஸ்வரர். பாலுக்குள் குடியிருந்து குடல் புண்ணை ஆற்றுகிறாராம். கோணேஸ்வரர் இருக்கும் ஊரில் இன்னோர் ஈஸ்வரர் வந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஆமியின் சோதனைச் சாவடியில் முணுமுணுத்துக்கொண்டு நின்ற சனம், இங்கே நெல்லும் கோழியுமாக வாய் திறவாமல் வரிசையில் நின்றது.

தெய்வத்தைக் கண்டெடுத்தவர் சோமசேகரச் சாமியார். வடை சுற்றி வந்த பத்திரிகைத் துண்டில் 'பெப்டைட்' என்று கண்டார். பாலில் உள்ளது, குடல் அழற்சியைத் தணிக்கலாம் என்றிருந்தது. அந்த 'லாம்' எண்ணெயில் அழிந்துபோயிருக்க வேண்டும்.

சல்லி என்ற கடலோரக் கிராமத்து மீனவன் கோணாமலை அவரை முழுதாக நம்பினான். மகள் இலட்சுமிக்கு வயிற்றோட்டம், இரத்தமும் போனது. சாமியார் சுடுபால் கிண்ணத்தை அவள் வயிற்றில் வைத்து, கறுப்பு நூல் சுற்றிய விரலைத் தோய்த்தார். பால் திரிந்தது.

"பாத்தியளே? குடல் சூடு பாலுக்குள்ள இறங்கிட்டுது. இதைக் குடிக்கக் குடுங்கோ. ஆசுப்பத்திரிக் குளிசையை நிப்பாட்டுங்கோ, ரெண்டும் சண்டை பிடிக்கும்."

நாட்டில்தான் சண்டை, பிள்ளையின் வயிற்றிலாவது சமாதானம் இருக்கட்டும் என்று கோணாமலை மாத்திரையை நிறுத்தினான். பிள்ளை எலும்பும் தோலுமானாள்.

மனைவி இரத்தினேஸ்வரி ஆசுப்பத்திரிக்குப் போய்க் கேட்டாள். "பெப்டைட் எண்டது பால் புரதம் உடையேக்க வாற துண்டு, அம்மா," என்றார் டொக்டர். "குடலுக்கு உதவுமோ எண்டு இன்னும் ஆராயினம். அதை நம்பிக் குளிசையை விட்டால் பிள்ளை தப்பாது."

வீட்டுக்கு வந்து சொன்னபோது கோணாமலை ஒத்துக்கொள்ளவில்லை. "பால் திரிஞ்சதை என்ர கண்ணால பாத்தனான்."

"அப்ப இன்னொருக்காப் பாப்பம், வாங்கோ," என்றாள் இரத்தினேஸ்வரி.

அன்று காலை அவன் பிடித்த பாரை மீனைக் கைக்குழந்தை மாதிரித் துணியில் சுற்றிக்கொண்டாள். கோணாமலை கூடவே போனான். சாமி கண்டுபிடித்தால் சபிப்பாரே என்று பயந்தான். கண்டுபிடிக்க வேண்டுமே என்று அதைவிட வேண்டினான்.

சாமியார் மூக்கைச் சுளித்தார். "சல்லியோ?"

"ஓம் சாமி."

மணத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மூட்டையின் மேல் கிண்ணம் ஏறியது, விரல் இறங்கியது, பால் திரிந்தது.

"ஐயோ, குடல் வெந்து கிடக்கு! கிழமைக்கொருக்காக் கொண்டு வாங்கோ. பிள்ளை எழும்பி ஓடும்."

இரத்தினேஸ்வரி துணியை விலக்கினாள். பாரை சாமியாரையே பார்த்தது.

"ஓடட்டும் சாமி, நாங்களும் பாப்பம்."

சாமியார் எழும்புமுன் அவர் விரல் நூலை உருவி முகர்ந்தாள். "கொறுக்காய்ப் புளி! மீன் குழம்புக்குப் போடுறதைத்தான் நூலில ஊற வச்சிருக்கிறார். மீனும் இருக்கு, புளியும் இருக்கு, இனி அடுப்புத்தான் வேணும்."

வரிசையில் ஒருவர் உண்மையான கவலையோடு கேட்டார்: "அப்ப மீனுக்குச் சுகம் வராதோ?"

கோணாமலைக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. "குளிசை எங்க வச்சிருக்கிறாய்?" என்று மனைவியிடம் கேட்டான். பிறகு வரிசையைப் பார்த்தான்.

"கொஞ்சம் யோசியுங்கோவன்! பால் திரியிறதுக்கு ஒரு சொட்டுப் புளியாவது வேணும். நாங்கள் அதுவும் இல்லாமலெல்லே திரியிறம்."