அரையும் அரையும் முக்கால்

திருமழிசை வட்டாரத்தில் எதையுமே முழுதாக நம்பாத ஒரே ஆத்மா எங்கள் கம்பெனியின் பாய்லர் ஆபரேட்டர் முக்கால்தான். சொந்தப் பெயர் சம்பள ரிஜிஸ்டருக்கு மட்டுமே தெரியும். "மழை வருமாண்ணே?" என்றால் "முக்காவாசி வரும்" என்பார். "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்ட புது கிளார்க்குக்கும், "முக்காவாசி ஆயிட்ச்சி" என்றுதான் பதில்.

எண்பதுகளின் கடைசியில், அவருடைய மூளையைக் கம்ப்யூட்டருக்குள் இறக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பாய்லரில் என்ன கோளாறு, அது எவ்வளவு நிச்சயம் என்று கம்ப்யூட்டரே சொல்ல வேண்டுமாம். எனக்கோ பாய்லர் என்றாலே குலை நடுங்கும். கதவோரம் நின்றுதான் கேள்வி கேட்டேன்.

"தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடிக் குழாய்ல தண்ணி தெரியலன்னா?"

"வெடிக்கும்னு அரை சந்தேகம்."

"உள்ள முனகுற சத்தம் கேட்டா?"

"அதுக்கு ஒரு அரை."

"ரெண்டும் சேர்ந்து வந்தா?"

"முக்கா. மொத அரை போவ மீதி கீதுல்ல, அதுல பாதியத்தான் ரெண்டாவது துன்னும். முழுசு எப்பவும் ஆவாது நைனா."

மனுஷனுக்குக் கணக்கு வராது போலிருக்கிறது என்று, அரையையும் அரையையும் நானே கூட்டி ஒன்று என்று போட்டுவிட்டேன். படித்த திமிர்.

அடுத்த வாரமே குழாயில் தண்ணீர் தெரியவில்லை, முனகலும் கேட்டது. இரண்டையும் கம்ப்யூட்டரில் தட்டினேன். வெடிப்பது முழு நிச்சயம் என்றது. மானேஜர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். பின்னாலேயே மொத்தக் கம்பெனியும் கேட்டுக்கு வெளியே. மானேஜரை நான் முந்தியதாகச் சொல்பவர்கள் உண்டு. மறுக்கவில்லை.

முக்கால் மட்டும் கேட்டிலிருந்து திரும்பிப் பாய்லரைப் பார்க்க நடந்தார்.

"அண்ணே, போவாதீங்க. வெடிச்சிடும்."

"இன்னும் கால்வாசி பாக்கி கீது. அடுப்பு எரிஞ்சிகினே கீது, எல்லாரும் ஓடியாந்துட்டா அத்த யாரு அணைக்கிறது?"

என் கூட்டலை நம்பி ஊரே ஓடிவிட, அவர் ஒற்றை ஆளாகச் சாகப் போகிறார். பெயர் தெரியாத சாமிகளையும் கூப்பிட்டேன். திடீரென்று அடுப்பின் இரைச்சல் நின்றது. அப்போதுதான் இன்னும் பயமாக இருந்தது.

வேர்த்து ஊற்ற வெளியே வந்தார். "குழாய்லதான் அடைப்பு. உள்ள தண்ணி கீது. முனகுனது பம்ப்பு."

"பயமா இல்லியாண்ணே?"

"முழுசா பயந்துட்டேன் நைனா."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் அவர் ஏறும் ஆவடி பஸ் வந்து நிற்கும்வரை அந்தக் கையை நான் விடவேயில்லை.